ஏழு மலை, ஒரு பாட்டில் தண்ணீர்

காலை ஆறரை மணி. வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. பினாங்கில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் தலை காட்டும். மலை ஏறுகிறவர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஜார்ஜ் டவுனிலிருந்து தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில், பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு வட்ட வாசல் நிற்கிறது. சீனத் தோட்டங்களில் வைப்பது போன்ற, முழுநிலவு வடிவில் கட்டிய வாசல். ‘மூன் கேட்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாசல் மட்டும் இருக்கிறது, அதற்குரிய வீட்டைக் காணோம். உள்ளே நுழைந்தால் நேராகக் காடு, காட்டுக்குள் படிகள்.

“பசியாறியாச்சா தங்கச்சி?” என்று கேட்டபடி அக்கா வந்தார். பினாங்குத் தமிழர்கள் காலை உணவைப் பசியாறல் என்றுதான் சொல்கிறார்கள். டிபன் என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அதைக் கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிடும். அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் பையிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார்.

“என்கிட்ட ரெண்டு பாட்டில் இருக்குக்கா.”

“இது நீ குடிக்கறதுக்கு இல்ல. எண்பத்துநாலுக்கு. பைக்குள்ள வை.”

அன்று எங்கள் குழுவின் ஏழாவது மலை, கடைசி மலை. ஆறு மாதமாக என் அலைபேசியில் உயரங்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கிராமையும் எண்ணி எடை குறைத்துப் பை கட்டியிருந்தேன். புறப்படும் நேரத்தில் அதில் ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது.

*

மலையை எண்ணிக்கை வைத்து ஏறுவது உலகம் முழுக்க ஒரு பித்து. ஸ்காட்லாந்தில் ஹியூ மன்றோ என்பவர் 1891-இல் தம் நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். இன்றைய கணக்கில் அவை 282. அத்தனையையும் ஏறி முடிப்பதே வாழ்நாள் இலட்சியமாக இருப்பவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. பட்டியல் போட்ட மன்றோவோ அதை முடிக்காமலேயே 1919-இல் இறந்துபோனார். ஜப்பானில் ஃபுகாதா கியூயா என்ற எழுத்தாளர் தமக்குப் பிடித்த நூறு மலைகளைப் பற்றி 1964-இல் புத்தகம் எழுதினார். அந்த நூறையும் தேடித் தேடி ஏற ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. மலேசியாவில் இதற்கு ‘ஜி7’ என்று பெயர். தீபகற்பத்தில் ஏழாயிரம் அடியைத் தாண்டிய மலைகள் ஏழு. முதலிடத்தில் இருக்கும் தாஹான் 2,187 மீட்டர். இரண்டாவது கோர்பு, 2,183. நான்கே மீட்டர் வித்தியாசம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் காட்டில் தங்கி நடக்க வேண்டும்.

எங்கள் குழு அந்த ஏழைப் பார்த்து ஆசைப்பட்டு, முட்டி தேய்ந்தவர்களுக்கென்று போட்டுக்கொண்டது இந்த ஏழு. இருபது பேர். பாதிக்கு மேல் ஓய்வு பெற்ற சீனர்கள், இரண்டு மலாய்க்காரர்கள், மிச்சம் நாங்கள். முன்னாள் பள்ளி ஆசிரியரான சீனப் பெரியவர்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் அங்கிள். விதிகள் மூன்றே மூன்று. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏற வேண்டும். தனியாகப் போகக்கூடாது. பொதுவழி எதுவரை போகிறதோ அதுவரை போனால் உச்சி தொட்டதாகக் கணக்கு. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். ஏழு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு மலையின் பெயரும் உயரமும். ஏறி இறங்கியதும் அதில் கையெழுத்துப் போடுவார்.

அட்டையை வாங்கியதும் எனக்கு மன்றோவும் நினைவுக்கு வரவில்லை, ஜி7-உம் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரிக்கு ஏழு மலை என்றால் வெள்ளியங்கிரிதான்.

பேரூர்ப் பக்கம் எங்கள் வீடு. மாசி பிறந்துவிட்டால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. பூண்டி அடிவாரத்துக்குப் போய், மூங்கில் தடி ஒன்று வாங்கி, இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியும்போது ஏழாவது மலை. இருபத்திரண்டு முறை போயிருக்கிறார். கொண்டு வந்த தடிகளில் ஒன்றே ஒன்று இன்னும் பூஜை அறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. தம்பி எட்டு வயதிலேயே அவரோடு போய்விட்டான். பத்து வயது தாண்டிய பெண்கள் ஐம்பது வயது வரை அந்த மலை ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். நான் அடிவாரத்தில் ஆண்டவர் சன்னிதி வரை போய், அவர்களை அனுப்பிவிட்டு, அம்மாவோடு பேருந்தில் திரும்புவேன். பூண்டிக்கும் பேரூருக்கும் நடுவில் பேருந்து சன்னலுக்குள் மலை தெரிந்துகொண்டே வரும். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை நிமித்தம் பினாங்குக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே ஏழு மலை என்று எழுதி ஒருவர் கையில் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வேன்?

*

முதல் நான்கையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். பினாங்கு மாநிலம் என்பது தீவு மட்டுமல்ல, எதிர்க்கரையில் இருக்கும் செபெராங் பிறையும் சேர்ந்தது. அந்தக் கரையில் ஜூரு மலையில் தொடங்கினோம். சின்ன மலை, கீழே நெடுஞ்சாலை, வண்டிச் சத்தம் உச்சி வரை கூடவே வந்தது. அடுத்தது நிபோங் தெபால் பக்கம் புக்கிட் பஞ்சோர். காடு, ஓடை, வௌவால் குகை. குகை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டதுதான் அதைப் பற்றி எனக்கு இருக்கும் முதல் ஞாபகம். மூன்றாவதான புக்கிட் ஜம்புல் என் குடியிருப்புக்குப் பின்னாலேயே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக் கூரைகள் வரிசையாகத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் நான் அடைபட்டிருக்கும் கூரை எது என்று தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாக் கூரையும் ஒன்றுபோல் இருந்தது.

நான்காவது பாலிக் புலாவ் பக்கம் புக்கிட் பெனாரா. தீவின் பின்புறம் அது. டுரியான் தோட்டங்களுக்கு நடுவே வழி போகிறது. இங்கே டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ வேண்டும். விழுவதைத் தாங்க மரத்தடியில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மரத்தடியில் மூச்சு வாங்க நின்றேன். பின்னால் வந்த அக்கா கையைப் பிடித்து இழுத்து நகர்த்தினார். “மேல பார்த்து நில்லு லா. மண்டையில விழுந்தா நான் தாதி வேலைக்குத் திரும்பணும்.” இறங்கியதும் பாலிக் புலாவ் கடையில் ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் குடித்தோம். புளிப்பும் துவர்ப்பும் லேசான காரமும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தத் தீவில் முதலில் பணம் பார்க்க நினைத்தது மிளகிலும் கிராம்பிலும் ஜாதிக்காயிலும்தான். அந்த வியாபாரமெல்லாம் போய், சாறு மட்டும் ஒரு தம்ளரில் மிஞ்சியிருக்கிறது.

ஐந்தாவது முக்கா ஹெட். தீவின் வடமேற்கு முனை, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த காடு. தெலுக் பஹாங்கிலிருந்து கடலோரமாகவே வேர்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். குரங்குக் கடற்கரை என்று பெயர் பெற்ற மணல்வெளி வந்ததும் வழி திடீரென்று மேலே திரும்பும். உச்சியில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கடல் மட்டத்துக்கு மேல் 242 மீட்டர். உயரம் பெரிதில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்தே தொடங்குவதால் அந்த 242-இல் ஒன்றுகூடத் தள்ளுபடி கிடையாது. கலங்கரை விளக்கத்தின் வாசலைத் தொட்டுத் திரும்பினோம்.

இதுவரை எல்லாம் எண் கணக்காகவே போய்க்கொண்டிருந்தது. ஐந்து கட்டம், ஐந்து கையெழுத்து. ஆறாவது மலை அந்தக் கணக்கைக் குழப்பியது.

*

எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஊருக்குப் பின்னால் அதே பெயரில் ஒரு மலை இருக்கிறது. 545 மீட்டர். அடிவாரத்துக்கு செரோக் தோக்குன் என்று பெயர். தமிழ், சீனக் கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் கூட்டம் கூட்டமாக வந்து மெழுகுவத்தி ஏற்றும் புனித அன்னாள் ஆலயம் அங்கேதான். ஆலய வளாகத்தில், கம்பித் தடுப்புக்குள் ஒரு பாறை. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845-இல் கண்டெடுத்து உலகுக்குச் சொன்ன கல்வெட்டு அதில் இருக்கிறது. சமஸ்கிருத வாசகம், பல்லவ எழுத்து மரபு. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். நான் தடுப்பில் முகத்தைப் பதித்துக்கொண்டு எழுத்துகளைத் தேடினேன். வெயில் சாய்வாக விழும்போது ஓரிரண்டு வளைவுகள் புலப்பட்டன. அந்த வளைவுகளில் என் எழுத்தின் சாயல் தெரிகிறதா என்று பார்க்கப் பார்க்க நேரம் போனதே தெரியவில்லை. குழு போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அக்கா மட்டும் எனக்காக நின்றிருந்தார். நாங்கள் ஏறத் தொடங்கும்போது மணி பத்து.

தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. வழியில் மெங்குண்டோர் என்று சொல்லும் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அங்கோரில் தா ப்ரோம் கோயில் சுவர்களை வேரால் கவ்விப் பிடித்திருக்கும் மரத்தின் இனம். வேர்ப் பலகைகளுக்கு நடுவே நான்கு பேர் நின்று படம் எடுக்கலாம். எடுத்தோம். அப்போதே என் பாட்டிலில் பாதிதான் இருந்தது. ஒரே ஒரு பாட்டில், அரை லிட்டர். எடை குறைக்கிறேன் என்று செய்த வேலை. மற்ற நாட்களில் விடியற்காலைக் குளிரில் அது போதும். பத்து மணி வெயிலில், காற்றே ஈரத் துணியாகத் தொங்கும் நேரத்தில் போதவில்லை. முக்கால் தூரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகள். அக்காவிடம் இருந்ததையும் அதற்குள் குடித்துத் தீர்த்திருந்தேன். சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு மலாய்க்காரர், கையில் ஐந்தாறு வயதுப் பையன். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பையனின் தோளில் தொங்கிய தண்ணீர்க் குடுவையைக் கழற்றி நீட்டினார். கார்ட்டூன் பூனை வரைந்த நீலக் குடுவை. பையன் முகம் சுருங்கியது. அவர் அவனிடம் ஏதோ சொன்னார், அவன் தலையாட்டினான். “பெலான் பெலான்,” என்றார் என்னிடம். மெல்ல மெல்ல. நான் ஒரு குழந்தையின் தண்ணீரைக் குடித்தேன். அன்று அந்த 545 மீட்டரை முடித்தேன், கையெழுத்தும் வாங்கினேன். பூனைக் குடுவையின் எடை எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று இரவு அப்பாவுக்குப் பேசினேன். மயங்கிய கதையைச் சொல்லாமல், “வெள்ளியங்கிரியில ஒவ்வொரு மலையும் எத்தனை உயரங்கப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“அதென்னமோ தெரியாது கண்ணு. மொத மலையில தண்ணி இருக்காது, பூராவும் படி. ரெண்டாவது முடியறப்ப பாம்பாட்டிச் சுனை. மூணாவதுல கைதட்டிச் சுனை. கைதட்டுனா தண்ணி சொட்டும்பாங்க. நாம தட்டற நேரமாப் பாத்துத்தான் அதுவும் சொட்டும். அப்பறம் ஆண்டிச் சுனை வரைக்கும் நாக்கத் தொங்கப் போட்டுட்டுத்தான் போகோணும். ஆண்டிச் சுனையில குளிச்சா, ஏழாவது மலை தன்னால வந்துரும்.”

இருபத்திரண்டு முறை ஏறியவருக்கு உயரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. தண்ணீர் இருக்கும் இடம் மட்டும் அத்தனையும் வரிசையாகத் தெரிந்திருந்தது. பேசி முடித்ததும் அங்கிள் கொடுத்த அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆறு மலைகளிலும் தண்ணீர் எங்கே கிடைத்தது என்று நினைவிலிருந்து எழுத முயன்றேன். பஞ்சோர் ஓடை. பெனாரா அடிவாரத்து ஜாதிக்காய்ச் சாறு. பூனைக் குடுவை. மூன்றுக்கு மேல் வரவில்லை.

*

வட்ட வாசலுக்குத் திரும்புகிறேன். ஏழாவது மலை, மேற்கு மலை. பினாங்குக் கொடிமலைத் தொடரில் உயர்ந்தது, மாநிலத்திலேயே உயர்ந்தது. 833 மீட்டர். மலாயில் புக்கிட் பெண்டேரா என்பதைத் தமிழர்கள் அப்படியே கொடிமலை ஆக்கிக்கொண்டார்கள். அதன் அடிவாரத்தில், அருவிப் பக்கம் இருக்கும் குன்றுக்குத் தண்ணீர்மலை என்று பெயர். பினாங்கு என்பதே பாக்கு என்ற மலாய்ச் சொல். வந்து இறங்கியவர்கள் மலைகளுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

படிகளில் ஏறும்போது என் கண் அக்காவின் காலணியிலேயே இருந்தது. கறுப்பு ரப்பர், ஒரே வார்ப்பு, அடியில் குமிழ் குமிழாகப் பற்கள். ‘அடிடாஸ் கம்போங்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள், கிராமத்து அடிடாஸ். சில ரிங்கிட்தான் விலை. பாசி படிந்த படியில் என் விலையுயர்ந்த காலணி இரண்டு முறை சறுக்கியது, அது ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. “எங்கம்மா கெடாவில தீம்பார்ல பால் மரம் வெட்டினப்ப இதத்தான் போட்டாங்க,” என்றார். தீம்பார் என்றால் இங்கே ரப்பர்த் தோட்டம். “விடியக்காலம் நாலு மணிக்கு இருட்டுல, தலையில விளக்கக் கட்டிக்கிட்டு. நாம இப்ப ஆசைக்குப் போறோம்.” அவர் நெற்றியிலும் அப்போது ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வழியில், நடப்பவர்கள் இளைப்பாறும் ஐந்தாம் நிலையம் வந்தது. எங்களுக்கு எதிரே இறங்கி வந்த சீனப் பாட்டிமார்கள் “காலை வணக்கம்” என்று ஹொக்கியனிலும் மலாயிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். மலையேறுவதை இங்கே ஹொக்கியனில் ‘பெ சுவா’ என்கிறார்கள். எழுபது வயதுக்காரர்கள் நடைப்பயிற்சிக்குப் போவதுபோல் தினமும் போய் வருகிறார்கள். வெளிச்சம் வந்ததும் தலைக்கு மேல் கிளைகள் அசைந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குகள். மூக்குக்கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளை மாதிரி எங்களைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி இலை தின்னப் போய்விட்டன. மேலே போகப் போக நெடு நெடுவென்று நிற்கும் மரங்களில் ஒன்றின் அறிவியல் பெயர் ‘ஷோரியா கர்ட்டிசியை’. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு முதல் கண்காணிப்பாளராக இருந்த சார்லஸ் கர்ட்டிஸின் பெயர் அது. இந்தக் காடும் கடலோரமும் சேர்ந்த 12,481 ஹெக்டேரை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது.

எட்டரை மணிக்கு எண்பத்துநாலு வந்தது.

அது ஒரு நிலையத்தின் எண், அதுவே ஊர்ப்பெயர் மாதிரி நிலைத்துவிட்டது. தகரக் கூரை, மர பெஞ்சு, ஓர் அடுப்பு. அடுப்பின் மேல் பெரிய அலுமினியப் பாத்திரம். ஆவி பறக்கும் தேநீர், தகர டப்பாவில் பிஸ்கட், பக்கத்தில் உண்டியல். விலைப் பலகை கிடையாது. மலையேறுகிறவர்களே முறை வைத்து நடத்துகிறார்கள். அன்று அடுப்பருகே நின்றவர் மெலிந்த சீன முதியவர். நான் பையைக் கழற்றி அக்கா கொடுத்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கினார். மூடியைத் திருகி, பேசாமல் பாத்திரத்தில் கவிழ்த்தார். ஒன்றரை லிட்டரும் களக் களக்கென்று இறங்கியது. காலிப் பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார், கீழே கொண்டுபோய்ப் போட வேண்டுமல்லவா. பிறகு ஒரு குவளையில் தேநீர் ஊற்றித் தந்தார்.

நான் ஊற்றிய தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அப்படியென்றால் என் குவளையில் இருந்தது எனக்கு முன்னால் வந்தவர் யாரோ தூக்கி வந்தது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது. என் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர் இந்நேரம் வட்ட வாசலில் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதைப்போல் ஒரு தேநீர் நான் குடித்ததில்லை.

அட்டையின் பின்பக்கம் நான்காவது வரி எழுதினேன்: எண்பத்துநாலு.

*

அதற்கு மேல் தார்ச்சாலை. பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதை. மேலே குடியிருப்பவர்களுக்குக் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிப் போகும் வண்டிகள் உறுமிக்கொண்டு ஏறும். சில வளைவுகளில் சரிவு முழுக்கக் கான்கிரீட் பூசியிருக்கிறது. 2017 நவம்பர் முதல் வாரம் பெய்த பேய்மழையில் இந்த மலை பல இடங்களில் சரிந்தது. அதன் தழும்புகள்.

செங்குத்தில் மூச்சுக்குத் திணறும்போது வரலாறு மனதில் வேகமாக ஓடுகிறது. கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786-இல் தீவில் இறங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த மலைக்கு ஒரு குதிரைப் பாதை வெட்ட ஏற்பாடு செய்தார், ஸ்ட்ராபெரி பயிரிட. வெக்கை தாங்காத துரைமார் காற்று வாங்க மேலே போனார்கள். குதிரையில் போனார்கள், இல்லாவிட்டால் ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியில் போனார்கள். 1790-களில் தொடங்கி கம்பெனி இந்தியாவிலிருந்து கைதிகளை இந்தத் தீவுக்கு அனுப்பியது. ஊரின் சாலைகளில் அவர்கள் கைபட்டவை ஏராளம். மலை ரயில் போட முதலில் எடுத்த முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில், இரண்டு கிலோமீட்டர் தண்டவாளத்தில் 1923 அக்டோபரில் பயணிகள் ஏறினார்கள். அதுவரைக்கும் பியானோவும் மேலே போயிருக்கும், பால்குடமும் போயிருக்கும், எல்லாம் ஆள் முதுகில்தான். இந்த மலையில் வெறுங்கையோடு ஏறியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களையும் வேறு யாரோதான் சுமந்திருக்கிறார்கள்.

“நீங்க இவ்வளவு லேசா ஏறறீங்களே, எப்படிக்கா?” என்று கேட்டேன்.

“வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம். ஐந்நூத்திப் பதிமூணு படி. வெறுங்காலு, வெயிலு. கொடம் சிந்தக்கூடாது. அதவிட இது ஈஸி லா.” முன்னால் போய்க்கொண்டிருந்த அங்கிள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தைப்பூசத் தேர் வரும்போது அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நூற்றுக்கணக்கில் தேங்காய் உடைக்கிறார்களாம். தேர் போன பாதையில் இளநீர் ஓடுவதைப் பினாங்கில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடைக்கிறவர்களில் பலர் சீனர்கள்.

உச்சியில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மேட்டில் மசூதியும் அருளொளித் திருமுருகன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மலையில் வேலைக்கு வந்தவர்களின் காலத்தில் தோன்றிய கோயில், இன்று வண்ணமயமாக நிற்கிறது. அக்கா குழாயில் கால் கழுவினார். நானும் கழுவினேன். மலைத் தண்ணீர், குளிர்ச்சி எலும்பு வரை ஏறியது. அட்டையில் ஐந்தாவது வரி.

கோயிலிலிருந்து வெளியே வந்தால் கிழக்கே எல்லாம் தெரிந்தது. காலடியில் ஜார்ஜ் டவுன், நடுவில் கடல், கடல்மேல் இரண்டு பாலங்கள். எதிர்க்கரையில் பூனைக் குடுவையின் மெர்தாஜாம் மலை, சின்னதாக, சாதுவாக. வடக்கே மேகத்துக்கு மேல் ஒரு நீல நிழல், கெடாவின் ஜெராய் சிகரம், 1,217 மீட்டர். கடாரம் அது. இராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025-இல் போன கடாரம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு முதலில் தெரிந்து கரை காட்டியது அந்த மலைதான். அதன் அடிவாரத்தில் புஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்னும் இருக்கின்றன. வெற்றியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கப்பலில் குடிதண்ணீர்ப் பானைகளைக் காத்தவன் பெயரை யாரும் வெட்டவில்லை.

மேற்கு மலைக்கு அங்கிருந்து இன்னும் அரைமணி நேரம். சுற்றுலாக் கூட்டமும் ஐஸ்கிரீம் கடைகளும் பின்னால் போய், சாலை காட்டுக்குள் நுழைந்தது. பொதுவழி முடிந்த இடத்தில் நின்றோம். காட்சி என்று எதுவும் இல்லை. மரம், பாசி, பனி, சிள்வண்டுச் சத்தம். மாநிலத்தின் உச்சியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதில் எனக்கு என்னவோ ஒரு நிம்மதி. அங்கிள் ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்து, தமிழில் எழுதியிருந்த பட்டியலைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். அக்கா மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். ஐந்து வரியையும் கேட்டுவிட்டு, அங்கிள் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது ரயிலில் வந்தோம். விதி ஏறுவதற்கு மட்டும்தான். அரை நாள் ஏறிய மலை பத்து நிமிடத்தில் ஆயர் ஈத்தாமில் முடிந்துவிட்டது. நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் கோப்பி ஓ சொல்லிவிட்டு அப்பாவை அழைத்தேன். இங்கே பகல் ஒரு மணி. கோவையில் பத்தரை, அவர் இரண்டாவது காப்பி குடிக்கும் நேரம்.

“ஏழும் முடிஞ்சுதுங்கப்பா.”

“அட! மேல தண்ணி கெடச்சுதா கண்ணு?”

எண்பத்துநாலைப் பற்றிச் சொன்னேன். பாட்டில், பாத்திரம், உண்டியல், குவளை எல்லாம் சொன்னேன். இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“நீ அங்க ஊத்த எத்தன பாட்டல் கொண்டு போன?”

“ஒண்ணுங்கப்பா.”

“சரி. அடுத்த வாட்டி ரெண்டாக் கொண்டு போ.”